மலைகளின் பெயரில் ஓடும் கணினிகள்

(நமுனுகுலவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பாடப்புத்தகம் பணிசெயல் முறைமை என்று சொல்லும். தமிழ்நாட்டுக்காரர் இயங்குதளம் என்பார்கள். பதுளைக் கடையில் போய் நின்றால் “விண்டோஸ் அடிச்சுக் குடுங்க” என்பதோடு கதை முடிந்துவிடும். எந்தப் பெயரில் அழைத்தாலும் ஆள் ஒன்றுதான். ஆனால் அந்த ஆள் புதிய சட்டை போட்டு, புதிய பெயரோடு வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் உலகம் முழுக்க ஒரு சண்டை நடக்கிறது. உள்ளே என்ன மாறியது என்று கேட்பவர் கொஞ்சம் பேர். “இது என்ன பெயர்? இது என்ன கோலம்?” என்று கேட்பவர் கோடிக்கணக்கில். அந்தச் சண்டை வெட்டிச் சண்டையா, அதில் நமக்கு ஏதாவது பங்கு இருக்கிறதா என்பதுதான் என் பேச்சு.

ஒரு படத்திலிருந்து தொடங்குகிறேன். பச்சை மேடு, நீல வானம், வெள்ளை மேகம். விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஒக்டோபர் 25ஆம் திகதி வெளிவந்தபோது திரையில் இருந்த படம். என் வயதுக்காரர் பலர் மௌஸைக் கையில் பிடிக்கப் பழகியதே அந்த மேட்டின் மேல்தான். பசறை றோட்டில் எங்கேயோ எடுத்தது என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு நம்பியிருப்போம். நெதர்லாந்துக்காரர்களுக்கு அதே படத்தை அயர்லாந்து என்ற பெயரில் கொடுத்தார்கள். உண்மையில் அது கலிபோர்னியாவில், சொனோமா என்ற பகுதியில், சார்ள்ஸ் ஓ’ரியர் என்ற படப்பிடிப்பாளர் 1996 ஜனவரியில் வீதியோரம் காரை நிறுத்தி எடுத்தது. கணினியில் வெட்டி ஒட்டிய படமல்ல, பிலிமில் எடுத்த நிஜப் படம்.

அந்த மேடு ஏன் அப்படி ஒரு செடியும் இல்லாமல் வழுவழுவென்று பச்சையாக இருந்தது? அது திராட்சை போட்டிருந்த நிலம். ஃபைலொக்சரா என்ற பூச்சி வேரில் விழுந்து, கொடியையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். வெறும் நிலத்தில் மழைக்குப் புல் முளைத்தது. நமக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்க வேண்டும். கோப்பி இலையில் துரு விழுந்ததை இந்த நாட்டில் முதலில் கண்டது 1869இல், நம் பக்கத்து மடுல்சீமையில். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, இன்று சுற்றுலாக்காரர் நின்று படம் எடுக்கும் பச்சையும் வந்தது. அங்கேயும் இங்கேயும் ஒரு பயிர் செத்த இடத்தில் வந்த பச்சைதான்.

இன்றைக்கு அந்தப் படத்தைக் கண்டால் பலருக்கு நெஞ்சு இளகுகிறது. ஆனால் எக்ஸ்பி வந்த காலத்தில் அதை யாரும் கொஞ்சவில்லை. நீலப் பட்டையும் பச்சைப் பொத்தானும் சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமான் போல இருக்கிறது என்று சிரித்தார்கள். அதைக் கழற்றிவிட்டுப் பழைய சாம்பல் நிறத்துக்கே போனவர்கள் ஏராளம். பிறகு 2007 ஜனவரியில் அடுத்த விண்டோஸான விஸ்டா வந்தது. அதோடு அதே விளையாட்டுச் சாமான் தங்கமாகிவிட்டது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது 2014 ஏப்ரலில். அதுவரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அழகு பற்றிய அபிப்பிராயம் என்று நாம் நினைப்பதில் பாதி, கை பழகிய பழக்கம் பற்றிய அபிப்பிராயம்.

மிச்சப் பாதி என்ன? அதற்குத்தான் விஸ்டாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மைக்ரோசொஃப்ட்காரர் வேலை நடக்கும் காலத்தில் உள்ளுக்குள் வைக்கும் பெயர்கள் வேறு. எக்ஸ்பிக்கு விஸ்லர் என்று பெயர். கனடாவில் பனிச்சறுக்கு மலை ஒன்று அது. அதற்கு அடுத்த பெரிய பதிப்புக்குப் பக்கத்து மலையின் பெயரை, பிளக்கோம் என்று, எடுத்து வைத்திருந்தார்கள். நடுவில் சின்னதாக ஒன்று வரட்டும் என்று அந்த மலையடிவாரத்தில் இருந்த ஒரு மதுச்சாலையின் பெயரைப் போட்டார்கள்: லோங்ஹோர்ன். ஒரு மலையிலிருந்து இறங்கி, ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, அடுத்த மலை ஏறலாம் என்ற கணக்கு. கடைசியில் அந்த மதுச்சாலைதான் வருடக்கணக்காக இழுபட்டு விஸ்டா ஆனது. குடிக்கப் போனவர் திரும்பி வராத கதை நம் லயத்திலும் உண்டு, அதை விடுங்கள்.

விஸ்டா கண்ணாடி மாதிரி மினுங்கியது. ஆனால் அன்றைய கணினிகளில் பலவற்றுக்கு அந்த மினுக்கத்தைத் தூக்கச் சக்தி இல்லை. எதைத் தொட்டாலும் “அனுமதிக்கிறீர்களா?” என்று கேட்டது. பழைய பிரின்டர் வேலை செய்யவில்லை. பெயர் கெட்டுப்போனது. 2008இல் மைக்ரோசொஃப்ட் ஒரு வேலை பார்த்தது. விஸ்டா பிடிக்காது என்று சொன்ன ஆட்களைக் கூப்பிட்டு, “இது நாங்கள் புதிதாகச் செய்து வரும் பணிசெயல் முறைமை, பெயர் மொஹாவி” என்று காட்டினார்கள். பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறதே என்றார்கள். அப்புறம் குட்டு உடைந்தது: காட்டியது அதே விஸ்டா! பாருங்கள், எங்கள் பொருளில் குறையில்லை, உங்கள் மனதில்தான் குறை என்று அதையே விளம்பரமாகவும் போட்டார்கள்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல புது மடிகணினியில், தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டினால் எதுவும் அழகாகத்தான் தெரியும். வீட்டில் நாலு வருடப் பழைய பெட்டியில் போட்டு, பழைய பிரின்டரைச் செருகிப் பார்த்தவர்களுடைய கோபம் பெயரால் வந்ததல்ல. பெயர் அந்தக் கோபத்தைச் சேர்த்து வைத்த உண்டியல், அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து, 2018இல், அப்பிள் நிறுவனம் தன்னுடைய கணினி முறைமையின் பதிப்பு ஒன்றுக்கு மொஹாவி என்றே பெயர் வைத்தது. அந்தப் பெயரை நம்பி ஏமாந்தவர்களுக்கு என்னமாதிரி இருந்திருக்கும்!

அப்பிளின் பெயர்க் கதையும் ருசியானது. முதலில் புலி, சிறுத்தை, பனிச்சிறுத்தை, சிங்கம் என்று பூனைக் குடும்பமாக வைத்துக்கொண்டு வந்தார்கள். 2013இல் பூனைகள் தீர்ந்துபோய்விட்டன என்று மேடையிலேயே பகிடி விட்டு, தங்கள் ஊரான கலிபோர்னியாவின் மலைக்கும் கடற்கரைக்கும் தாவினார்கள். யொசெமிட்டி, எல் கப்பிட்டான், சியரா. எல் கப்பிட்டான் ஒரு பாறை, சியரா ஒரு மலைத்தொடர். 2023இல் வந்ததன் பெயர் சொனோமா. எக்ஸ்பியின் பச்சை மேடு இருக்கும் அதே சொனோமா. போட்டிக்காரருடைய மேட்டைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள் என்று கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

பெயருக்காகக் காசும் கைமாறியிருக்கிறது. லிண்டோஸ் என்று ஒரு நிறுவனம், லினக்ஸ் என்ற திறந்த மென்பொருளின் மேல் எழுந்த முறைமை ஒன்றை விற்றது. விண்டோஸின் சாயல் இருக்கிறது என்று மைக்ரோசொஃப்ட் வழக்குப் போட்டது. 2004இல் வழக்கு முடிந்தபோது, வழக்குப் போட்டவரே மற்றவருக்கு 2 கோடி டொலர் கொடுத்துப் பெயரை மாற்ற வைத்தார்.

சரி, நம் பக்கம் வருவோம்.

அண்ட்ரொய்ட் போன்களுக்கு இனிப்புப் பண்டங்களின் பெயர் வைத்த காலம் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். கிட்கெட் நம் கடையிலும் கிடைக்கும். மார்ஷ்மெல்லோ, லொலிபொப், நூகட் என்பவற்றில் எத்தனையை நாம் தின்றிருக்கிறோம்? மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை கூகுளின் தலைவரானதும், 2015 டிசம்பரில் டெல்லியில் மாணவர்கள் அவரிடம் இதைத்தான் கேட்டார்கள்: இந்திய இனிப்பின் பெயர் ஏன் இல்லை? அம்மாவிடம் கேட்கிறேன், வாக்கெடுப்பு வைக்கலாம் என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தார். அடுத்த வருடம் ஆங்கில ‘என்’ எழுத்தில் தொடங்கும் பெயர் தேவைப்பட்டபோது கூகுள் எல்லோரிடமும் யோசனை கேட்டது. மலையாளிகள் நெய்யப்பத்துக்காகப் படை திரட்டினார்கள். தமிழர்கள் நெய்யுருண்டைக்கு ஒரு குரல் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. 2016 ஜூன் 30ஆம் திகதி அறிவித்த பெயர் நூகட். 2019இல் இனிப்புப் பெயர்களையே விட்டுவிட்டு வெறும் 10 என்று வைத்தார்கள். சில நாட்டவருக்கு இந்தப் பெயர்கள் விளங்கவில்லை, சில மொழிக்காரருக்கு ‘எல்’லும் ‘ஆர்’ரும் ஒரே சத்தமாகக் கேட்கிறது என்று காரணம் சொன்னார்கள். இதை விளங்கிக்கொள்ள அவர்களுக்குப் பத்து வருடத்துக்கும் மேல் எடுத்தது.

பெயரோடு நிற்காமல் முறைமையையே செய்து பார்க்கச் சென்னையில் இரண்டு முயற்சிகள் நடந்தன. ஒன்று பொஸ். சி-டெக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007இல் வெளியிட்ட லினக்ஸ். தமிழ்நாட்டு அரசு 2011இலிருந்து மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மடிகணினிகளில் விண்டோஸோடு இதுவும் இருந்தது. செய்தது சென்னையில், ஆனால் பதிப்புகளுக்கு வைத்த பெயர்கள் அனோகா, அனூப், திருஷ்டி. கடைசிப் பெயரைக் கேட்டால் நம் ஆட்கள் பூசணிக்காய் தேடுவார்கள்.

மற்றது பாரோஸ். ஐஐடி மெட்ராஸின் ஆதரவில் போன்களுக்காகச் செய்தது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சர்கள் கையில் பிடித்துச் சோதித்துக் காட்டினார்கள். முன்கூட்டியே திணித்த செயலிகள் இல்லை என்பதைப் பெருமையாகச் சொன்னார்கள். அன்றைக்கே கேலியும் தொடங்கியது: இது பெயரை மாற்றிய அண்ட்ரொய்ட்தானே! உண்மைதான், அண்ட்ரொய்டின் திறந்த நிரலிலிருந்து எழுந்ததுதான். ஆனால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பொஸ் டெபியன் என்ற லினக்ஸின் மேல் நிற்கிறது, உலகப் புகழ்பெற்ற உபுண்டுவும் டெபியனின் மேல்தான் நிற்கிறது. இந்த உலகத்தில் யாரும் அத்திவாரத்திலிருந்து கல் அடுக்குவதில்லை. கேலிக்கு இடம் கொடுத்தது பொருளல்ல, மேடை. சுதேசி என்று அமைச்சர் சொல்லித் தூக்கிக் காட்டும்போது, பார்க்கிறவன் சட்டையைப் புரட்டி லேபிளைத் தேடத்தான் செய்வான்.

நம் நாட்டிலும் ஒரு மலையின் பெயரில் லினக்ஸ் ஒன்று வந்தது. ஹந்தான. ஃபெடோரா என்ற லினக்ஸின் மேல் எழுந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் புழங்கலாம் என்ற நோக்கத்தோடு வந்தது. கண்டிக்குப் பக்கத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தலைக்கு மேல் நிற்கும் மலைத்தொடர் அது. சிங்கள மாணவருக்கு ஹந்தான என்றதும் கெம்பஸ், காதல், பாட்டு எல்லாம் ஞாபகம் வரும். நமக்கு? அது ஒரு தோட்டம். அங்கேயும் லயம் இருக்கிறது, கொழுந்து எடுக்கிறார்கள்; பழைய தேயிலைத் தொழிற்சாலை இப்போது தேயிலை அருங்காட்சியகம். ஒரே பெயர் இரண்டு காதில் இரண்டு விதமாக விழுகிறது. நல்ல பெயர் என்றே நான் சொல்வேன். சொனோமாவை விட நமக்குக் கிட்ட இருக்கிறது.

இப்போது தோற்றத்துக்கு வருகிறேன். 2012 ஒக்டோபர் 26. விண்டோஸ் 8. இடது மூலையில் பதினேழு வருடமாக இருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணவில்லை. திரை முழுக்கக் கலர் கலராகச் சதுரங்கள். கணினியை நிறுத்த வேண்டுமானால் மௌஸை வலது மூலைக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பட்டை வரும், அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். சம்பள நாளுக்கு முதல் நாள் செக்ரோல் கணக்குப் பார்க்கிற கிளாக்கர் ஐயாவின் இடத்தில் உங்களை வைத்து யோசித்துப் பாருங்கள். உலகம் விண்டோஸ் 8க்கு, அரை நாள் சம்பளம் போல, அரைப்பேர்தான் போட்டது. அடுத்த வருடமே 8.1இல் பொத்தான் திரும்பி வந்தது, 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது முழு மெனுவும் திரும்பி வந்தது. கூச்சலுக்குப் பலன் இருந்தது.

அண்மையிலும் அப்படித்தான். 2025 ஜூன் மாதம் அப்பிள் தன் முறைமைகளுக்கெல்லாம் வருடத்தைப் பெயராக்கி, ஐபோனில் 18இலிருந்து நேராக 26க்குத் தாவியது. கூடவே திரவக் கண்ணாடி என்று ஒரு தோற்றம். பின்னால் இருப்பது முன்னால் தெரிகிறது, முன்னால் இருக்கும் எழுத்து வாசிக்க முடியவில்லை என்று சத்தம் எழுந்தது. விஸ்டாவின் கண்ணாடி திரும்பி வந்துவிட்டது என்று கேலி வேறு. நவம்பரில் வந்த 26.1 பதிப்பில் கண்ணாடியை மங்கலாக்கிக்கொள்ள ஒரு தெரிவு கொடுத்தார்கள்.

ஆக, கூச்சல் கேட்கிறது. யாருடைய கூச்சல் என்பதுதான் கேள்வி. நான் இன்றைக்கு இவ்வளவு தூரம் வந்தது இதைச் சொல்வதற்காகத்தான்.

2013இல் ஐபோன் முறைமையின் ஏழாவது பதிப்பு வந்தபோது நிறம் கண்ணைக் குத்துகிறது, எழுத்து ஊசியாக இருக்கிறது என்று பெரிய சண்டை. அதே பதிப்பில்தான் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகள் ஐபோனுக்குள் வந்தன. எல்லோரும் திட்டிய விண்டோஸ் 8இல்தான் நிர்மலா என்ற எழுத்துரு வந்தது. தமிழும் சிங்களமும் ஒரே எழுத்துருவுக்குள் அடுத்தடுத்து இருக்கிற காரியம் நம் நாட்டுக் கணினிக்கு எவ்வளவு பெரியது! உலகம் முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நமக்குப் பின்வாசலால் எழுத்து வந்தது. நாமும் முன்வாசலில் நின்று அவர்களுடைய சண்டையைத்தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தமிழனுக்குத் தோற்றம் என்றால் முதலில் எழுத்து. எல்லோரும் கொஞ்சுகிற எக்ஸ்பியில் தமிழ் எப்படித் தெரிந்தது? கண்ட்ரோல் பனலுக்குப் போய், மொழிப் பகுதியில், சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற பெட்டியில் சரி போட வேண்டும். உடனே எக்ஸ்பி சீடியைக் கேட்கும். சீடி யாரிடம் இருக்கும்? போடாமல் விட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அதனால்தான் நாம் பாமினி என்ற எழுத்துருவிலேயே காலம் தள்ளினோம். கொழும்பிலிருந்து தமிழில் ஒரு கடிதம் கணினியில் வரும். பாமினி இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். பரீட்சைத் திகதி அந்தக் கடிதத்துக்குள் இருக்கும்.

இன்று எழுத்து தெரிகிறது. ஆனால் வகுப்பு இடாப்பை அகர வரிசைப்படுத்திப் பாருங்கள். கலா, கவிதா, கனகா என்பதுதான் நம் வரிசை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் அட்டவணையில் ‘ன’வை ‘ந’வுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அந்த எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துகிற மென்பொருளில் கனகா முதலாவதாக ஓடி வந்து நிற்பாள். நல்ல மென்பொருள்கள் இதைச் சரிசெய்து கொடுக்கின்றன. சரிசெய்யாதவையும் நம் மேசையில் இருக்கின்றன. இதற்கு யார் கூச்சல் போட்டோம்? கனகாவே போடவில்லை, அவளுக்கு முதல் இடம் கிடைத்தது.

இன்னொரு விஷயம் அவசரமானது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 எல்லாக் கணினியிலும் ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் கேட்கும். நம் பாடசாலைகளில் கிடக்கும் பழைய பெட்டிகளில் பலவற்றுக்கு அந்த வாசல் பூட்டித்தான் இருக்கும். விண்டோஸ் 11இன் வளைந்த மூலை அழகா, ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருப்பது சரியா என்பதெல்லாம் உள்ளே போக முடிந்தவர்களுடைய விவாதம். வெளியே நிற்கிற கணினிக்கு லினக்ஸ் இருக்கிறது, காசு இல்லை, தமிழ் இருக்கிறது. அதை நிறுவிவிட்டு மாணவர்கள் முதலில் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: “சேர், இது விண்டோஸ் மாதிரி இல்ல.” சொல்லட்டும். அதோடு விடாமல், எந்த இடத்தில் தமிழ் உடைகிறது, எந்த மெனுவின் தமிழ் யாருக்கும் விளங்கவில்லை என்று திரையைப் படம் பிடித்து, அதைச் செய்கிறவர்களுக்கு அனுப்பட்டும். திறந்த மென்பொருளில் தமிழாக்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். மைக்ரோசொஃப்டில் நம் குரல் கோடியில் ஒன்று, அங்கே பத்தில் ஒன்று.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு தம்பி கேட்டார், நாங்களே ஒன்று சேர்த்துச் செய்தால் நமுனுகுல என்று பெயர் வைக்கலாமா என்று. தாராளமாக வையுங்கள். ஹந்தானவை விட நம் மலை உயரம், 2,036 மீற்றர். ஒன்பது சிகரம் இருப்பதால் ஒன்பது பதிப்பு வரைக்கும் பெயருக்குப் பஞ்சமில்லை. பத்தாவதுக்கு அப்பிள்காரருக்குப் பூனை தீர்ந்த கதைதான், அப்போது லுணுகலைப் பக்கம் போய் மலை தேட வேண்டியதுதான்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். கடைசி பஸ் போய்விட்டால் நான் இங்கேதான்.